செயலியில் தேர்ச்சி, தாளில் தடுமாற்றம்: ஆறாம் வகுப்பு தசம எண் பாடத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள். இரண்டுக்கும் கணிதம் கற்பிப்பவர் ஒரே ஆசிரியை. பல ஆண்டு அனுபவம் உள்ளவர். நிகழ்வுக்கு முந்தைய ஆண்டில்தான் பள்ளி நிர்வாகம் டேப்லெட்டுகளையும் அவற்றில் இயங்கும் கணிதப் பயிற்சிச் செயலி ஒன்றையும் வாங்கியிருந்தது. வாரத்தில் இரண்டு கணிதப் பாடவேளைகள் இதற்கென ஒதுக்கப்பட்டன. பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். விடை சரியா தவறா என்பதைச் செயலி உடனுக்குடன் சொல்லும். சரியான விடைக்கு நட்சத்திரம் கிடைக்கும், நட்சத்திரங்கள் சேர்ந்தால் அடுத்த நிலை திறக்கும். ஆசிரியைக்குத் தனியாக ஒரு பக்கம் உண்டு. அதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் தெரியும்.

தசம எண் பாடம் முடிந்தபோது அந்தப் பக்கம் ஏறக்குறைய முழுவதும் பச்சையாக இருந்தது. அடுத்து வந்த பருவத் தேர்வில் ஆசிரியை ஒரு சிறு கேள்வியைச் சேர்த்திருந்தார்: “4.8, 4.63. இவற்றில் எது பெரியது? ஏன்?” பாதிக்கும் மேற்பட்டோர் 4.63 என்று எழுதினார்கள். காரணமும் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது: “63, எட்டைவிடப் பெரியது.” அப்படி எழுதியவர்களில் பெரும்பாலோர் செயலியில் பச்சை நிறத்தில் இருந்தவர்கள்.

ஆசிரியர் கூட்டத்தில் இது விவாதமானது. செயலியையே நிறுத்திவிடலாம் என்றார்கள் சிலர். பயிற்சி போதவில்லை, இன்னும் ஒரு பாடவேளை கூட்ட வேண்டும் என்றார்கள் வேறு சிலர். கல்வித் தொழில்நுட்பத்தின் பயனுக்கு நம்பகமான, சார்பற்ற சான்றுகள் குறைவாகவே உள்ளன என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை சொல்வதைத் தலைமை ஆசிரியர் எடுத்துக்காட்டினார். அப்படியானால் நம் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை முதலில் நாமே பார்ப்போம் என்பது அவர் நிலை. ஆசிரியர் பயிற்றுநர் என்ற முறையில் வகுப்புகளைக் கவனித்துப் பதிவு செய்ய என்னை அழைத்தார்கள். பிள்ளைகளையும் பள்ளியையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

வகுப்பில் கவனித்தவை

செயலிப் பாடவேளையில் வகுப்பு அமைதியாக இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஆசிரியை நோட்டுகளைத் திருத்தினார். அதற்கு வேறு நேரம் அவருக்குக் கிடைப்பதில்லை. வாசலில் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே தோன்றும்.

பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் வேறு காட்சி தெரிந்தது. ஒரு மாணவன் கேள்வி திரையில் வந்ததுமே ‘உதவி’ பொத்தானை அழுத்தினான். முதல் குறிப்பைப் படிக்கவில்லை. மறுபடி அழுத்தினான். இரண்டாவது குறிப்பையும் படிக்கவில்லை. மூன்றாவது குறிப்பில் விடையே இருந்தது. அதைத் தட்டச்சு செய்தான், பச்சை டிக் விழுந்தது, அடுத்த கேள்விக்குப் போனான். குறிப்பைப் படித்துப் பார்த்தாயா என்று கேட்டேன். “டீச்சர் பதினைந்து கணக்கு முடிக்கச் சொல்லியிருக்கிறார். படித்துக்கொண்டிருந்தால் முடியாது” என்றான். அவன் சோம்பேறி இல்லை. கொடுத்த வேலையைக் குறித்த நேரத்தில் முடிக்க நினைத்த பொறுப்பான பையன்.

இது இந்த வகுப்புக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரயன் பேக்கரும் உடன் பணியாற்றியவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, கணினிவழிப் பயிற்சியில் இப்படிக் குறிப்புகளை அழுத்தியும் ஊகித்தும் விடையைப் பெறும் மாணவர்களைப் பற்றியது. அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே கற்றிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவருடன் அரட்டை அடிப்பதைவிட இந்தப் பழக்கத்துக்கும் குறைந்த கற்றலுக்கும் இடையே நெருக்கமான தொடர்பு தெரிந்தது. பேசும் பிள்ளையை ஆசிரியர் கண்டித்துவிடுவார். அமைதியாகப் பொத்தானை அழுத்தும் பிள்ளை யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆனால் குறிப்புகளை அழுத்தாத பிள்ளைகளும் தேர்வில் தவறியிருந்தார்கள். அதற்கான காரணம் கேள்விகளிலேயே இருந்தது. செயலியின் தசம எண் கேள்விகளை அச்சிட்டு, ஆசிரியையும் நானும் பென்சிலுடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 0.7, 0.4 போன்ற இணைகள் நிறைய இருந்தன. 3.85, 3.62 போன்றவையும் இருந்தன. இவற்றில் புள்ளிக்குப் பின்னால் இரு எண்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் இலக்கங்கள் வருவதால், புள்ளியை மறந்துவிட்டு முழு எண்களாக ஒப்பிட்டாலும் சரியான விடைதான் கிடைக்கும். 0.85, 0.6 போன்ற இணைகளும் இருந்தன. அங்கே நீளமான எண்ணே பெரிய எண். “நீளமாக இருப்பதே பெரியது” என்று தவறாக நம்பும் பிள்ளைக்கு இந்த மூன்று வகையிலும் டிக் விழும். 4.8, 4.63 போல நீளமான எண் சிறியதாக இருக்கும் இணைகள் மிகச் சிலவே. அவற்றில் மட்டும் தவறினால் மொத்த மதிப்பெண்ணில் பெரிய குறை தெரியாது.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லும் தசம எண் பற்றிய பிள்ளைகளின் தவறான எண்ணங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து வகைப்படுத்தியிருக்கிறார்கள். நீளமானதைப் பெரியது என்போர் ஒரு வகை. குட்டையானதைப் பெரியது என்போர் இன்னொரு வகை. பணத்தை எண்ணுவதுபோல இரண்டு இலக்கங்களோடு நிறுத்திக்கொண்டு மீதியைப் பொருட்படுத்தாதவர்களும் உண்டு. எண் இணைகளைக் கவனமாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டால், ஒரு பிள்ளை இவற்றில் எந்த எண்ணத்தோடு இருக்கிறது என்பதை விடைகளே காட்டிவிடும். செயலியின் கேள்விகள் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். ஏறக்குறைய நிறைந்த மதிப்பெண் ஒன்றின் அடியில் முழுத் தவறான புரிதல் ஒன்று பத்திரமாக இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் கண்டோம். ஆசிரியைப் பக்கத்தில் சிவப்பாக இருந்த ஒரு மாணவி ஒவ்வொரு கணக்கையும் முதலில் நோட்டில் எழுதிப் பார்த்தாள். 4.8ஐ 4.80 என்று மாற்றி, 4.63க்கு மேலே இலக்கத்தின்கீழ் இலக்கம் வரும்படி எழுதியிருந்தாள். அவள் புரிதலில் குறையே இல்லை. செயலி வேகத்துக்கும் நட்சத்திரம் கொடுத்ததால் பின்தங்கியவளாகக் காட்டப்பட்டாள். இரண்டு மாதங்களாக அவள் பெற்றோருக்கு “கூடுதல் பயிற்சி தேவை” என்ற அறிக்கை போய்க்கொண்டிருந்தது.

ஆசிரியைப் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். யார் எந்த விடையைத் தேர்ந்தார் என்ற விவரம் செயலியில் இருந்தது. ஆனால் அதைப் பார்க்க ஒவ்வொரு பெயராகத் திறந்து உள்ளே போக வேண்டும். இரண்டு பிரிவுகளின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதைச் செய்ய எந்த ஆசிரியருக்கும் நேரம் கிடையாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பயிற்சி நேரத்தைக் கூட்டும் யோசனையை முதலில் விலக்கினோம். தவறான விதியை வைத்துக்கொண்டு சரியான விடை பெறும் பிள்ளைக்கு அதே பயிற்சியை மேலும் கொடுத்தால், அந்த விதி இன்னும் ஆழமாகத்தான் வேர்விடும்.

செயலியையும் டேப்லெட்டையும் முழுவதுமாக நிறுத்தும் யோசனையில் ஆசிரியைக்கே உடன்பாடில்லை. அவர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் பட்டது. கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதினால் கை தூக்குபவர்கள் எப்போதும் அதே நான்கைந்து பேர்தான். வாய் திறக்காத பிள்ளை என்ன நினைக்கிறது என்பது தேர்வுத்தாள் வரும்வரை தெரியாது. டேப்லெட்டில் கேட்டால் வகுப்பு முழுவதன் விடையும் ஒரு நிமிடத்தில் அவர் கைக்கு வந்துவிடும். அவருக்குத் தேவைப்பட்டது அதுவே. வாங்கிய கருவியிலும் அந்த வசதி இருந்தது, யாரும் பயன்படுத்தவில்லை.

ஆகவே கருவியை வைத்துக்கொண்டு அதன் வேலையை மாற்றினோம். பாடவேளையின் தொடக்கத்தில் ஆசிரியை தானே எழுதிய ஒரே ஒரு கேள்வி. ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட தவறான எண்ணத்திலிருந்து மட்டுமே வரக்கூடியதாக அமைக்கப்படும். பிள்ளைகள் தனித்தனியே விடை தருவார்கள், மொத்த எண்ணிக்கை மட்டும் ஆசிரியைக்குத் தெரியும். பிறகு பக்கத்தில் இருப்பவருடன் காரணத்தைப் பேசுவார்கள், அதன்பின் மறுபடி விடை தருவார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் இயற்பியல் வகுப்புக்காக உருவாக்கிய முறையே இது. பள்ளிகளிலும் பரவலாகக் கையாளப்படுகிறது.

செயலிப் பயிற்சி வாரத்துக்கு ஒரு பாடவேளையாகக் குறைந்தது. பாடம் நடந்த பின்னரே பயிற்சி என்றும், எத்தனை கணக்கு என்ற இலக்கு கிடையாது என்றும் வைத்துக்கொண்டோம். உதவிக் குறிப்புகளையும் வேக நட்சத்திரத்தையும் அமைப்புகளில் அணைத்துவிட முடிந்தது. விடையைத் தொடுவதற்கு முன் நோட்டில் ஒரு வரி காரணம் எழுத வேண்டும் என்பது விதியானது.

இவற்றோடு ஒரு எண்கோடும் சேர்ந்தது. மார்க்கஸ் ஹோஹன்வார்டர் 2001இல் தொடங்கிய ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளைப் பள்ளிகள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதில் ஒரு கோட்டை விரித்துக்கொண்டே போனால் 4க்கும் 5க்கும் இடையே பத்துப் பிரிவுகள் தோன்றும், இன்னும் விரித்தால் அவற்றுக்கிடையே மேலும் பத்து. தாளில் வரைந்த எண்கோட்டால் இதைக் காட்ட முடியாது.

ஆசிரியையின் கவலை நேரத்தைப் பற்றியது. இப்படி ஒரு கேள்விக்கே பதினைந்து நிமிடம் போனால் பாடத்திட்டம் எப்படி முடியும்? அவர் வாரந்தோறும் நிரப்பி அனுப்பிவந்த செயலி அறிக்கையை அந்தப் பருவம் முழுவதும் நிறுத்திவைத்தார் தலைமை ஆசிரியர். மற்ற முடிவுகள் எல்லாம் இதன்மேல்தான் நின்றன. கேள்வி தயாரிக்கவும் விடைகளைப் படிக்கவும் ஆசிரியைக்கு நேரம் கொடுக்காமல் புதிய முறையை மட்டும் அவர்மேல் சுமத்தியிருந்தால், இரண்டாவது வாரத்திலேயே அது நின்றுபோயிருக்கும்.

நடந்தவை

முதல் நாட்களில் கருவிகளோடு போராடவே நேரம் போனது. சில டேப்லெட்டுகளில் சார்ஜ் இல்லை. பலருக்குக் கடவுச்சொல் நினைவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்தபோது வைஃபை திணறியது. முந்தைய பாடவேளை முடியும்போதே கருவிகளைத் திறந்து வைப்பது, கடவுச்சொல் இல்லாத வாக்குப் பக்கத்தைப் பயன்படுத்துவது என்ற இரண்டு எளிய ஏற்பாடுகளில் இது தீர்ந்தது.

முதல் கேள்வி பழைய கேள்வியேதான்: 4.8, 4.63. எதிர்பார்த்தபடி பெரும்பாலோர் 4.63ஐத் தேர்ந்தார்கள். பிள்ளைகள் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். மறுபடி வாக்கு எடுத்தபோது சரியான விடை சொன்னவர்கள் முன்பைவிடக் குறைந்துவிட்டார்கள். தவறான விடையில் உறுதியாக இருந்த சில பிள்ளைகள், சரியாகச் சொன்னாலும் காரணம் சொல்லத் தடுமாறியவர்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். மசூரின் முறையில் இதற்கு முன்னெச்சரிக்கை உண்டு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவாகச் சரியான விடை தெரிந்திருந்தால் விவாதத்துக்கு விடக் கூடாது; முதலில் பாடத்தை விளக்க வேண்டும். அன்றிலிருந்து முதல் வாக்கைப் பார்த்த பிறகே விவாதமா விளக்கமா என்று ஆசிரியை முடிவு செய்தார்.

அடுத்த வகுப்பில் எண்கோடு வந்தது. இரண்டு பேருக்கு ஒரு டேப்லெட். 4.8 எங்கே, 4.63 எங்கே என்று தேடச் சொன்னார் ஆசிரியை. ஒரு மாணவி விரலால் கோட்டை விரித்துக்கொண்டே போனாள். 4.6 தெரிந்தது. இன்னும் விரித்தாள். 4.6க்கும் 4.7க்கும் இடையில் சிறு கோடுகள் முளைத்தன. மூன்றாவது கோட்டில் விரலை வைத்து, “இதுதான் 4.63” என்றாள். பக்கத்தில் இருந்தவன் ஒன்றும் சொல்லாமல் திரையை வலப்பக்கமாகத் தள்ளினான். 4.7 கடந்தது. அதற்குப் பிறகுதான் 4.8 வந்தது. “அப்படியானால் 63 எங்கே போனது?” என்று கேட்டான். “அது அறுபத்து மூன்று இல்லை. ஆறு, அதற்குள்ளே மூன்று” என்றாள் அவள். பிறகு இருவரும் 4.63க்கும் 4.64க்கும் இடையே விரிக்கத் தொடங்கினார்கள். இன்னும் விரித்தார்கள். “டீச்சர், இது எங்கே முடியும்?” என்று அவன் எழுந்து நின்று கேட்டான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஆசிரியை அன்றைய திட்டத்தை ஓரம் வைத்துவிட்டு அந்தக் கேள்வியோடு மீதிப் பாடவேளையைக் கழித்தார். பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பத்து நிமிடங்களைச் செலவழித்தது முற்றிலும் சரி என்பதே என் கருத்து.

“நான்கு புள்ளி ஆறு மூன்று” என்று இலக்கம் இலக்கமாகப் படிக்க வேண்டும் என்பதை ஆசிரியை அன்றுமுதல் விடாமல் வலியுறுத்தினார்.

அடுத்த வாரம் புதிய தவறு ஒன்று தலைகாட்டியது. 0.3, 0.45 என்ற இணையில் சிலர் 0.3ஐப் பெரியது என்றார்கள். இதற்கு முன் இந்தத் தவறு இந்த வகுப்பில் கிட்டத்தட்ட இல்லை. நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது என்று கற்றதை, நூறின் பங்குகள் வரை போகும் எண்ணே சிறியது என்று விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தவறான விதி போய் அதன் எதிர்விதி வந்திருந்தது. பழைய முறையில் இது அடுத்த தேர்வு வரை வெளியே தெரிந்திருக்காது. ஏற்கெனவே சொன்ன 4.8, 4.63 கேள்வியைத் திரும்பக் கேட்டிருந்தால் இவர்கள் சரியாகவே விடை சொல்லியிருப்பார்கள். இப்போது ஆசிரியை அதே பாடவேளையில் கண்டுகொண்டு, இரு எண்களையும் எண்கோட்டில் தேடச் சொன்னார்.

ஒரு மாணவனுக்கு மட்டும் எதிலும் மாற்றம் தெரியவில்லை. அவன் நோட்டில் 463 என்று எழுதியிருந்ததைப் பார்த்த ஆசிரியை, திரையில் இருப்பதைப் படிக்கச் சொன்னார். அவன் புள்ளியையே படிக்கவில்லை. செயலியின் எழுத்துருவில் தசமப் புள்ளி மிகச் சிறியது, அவனுக்கு அது கண்ணுக்குத் தெரியவில்லை. எழுத்தின் அளவைப் பெரிதாக்கினார்கள். கண் பரிசோதனைக்குப் பெற்றோரிடம் சொன்னார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தபின் அவன் மற்ற பாடங்களிலும் நிமிர்ந்து உட்கார்ந்தான் என்று வகுப்பாசிரியர் தெரிவித்தார்.

விளைவு

பருவ இறுதித் தேர்வில் மூன்று தவறான எண்ணங்களையும் தனித்தனியே காட்டக்கூடிய இணைகள் கேட்கப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. பெரும்பாலான பிள்ளைகள் இடமதிப்பைச் சொல்லிக் காரணம் எழுதினார்கள். நீளமானதே பெரியது என்று எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்தார்கள். 4.45, 4.4502 இரண்டும் சமம் என்ற தவறு மட்டும் கணிசமாகத் தங்கிவிட்டது. அதற்குத் தனியாக எந்தப் பாடமும் நடத்தப்படவில்லை.

உதவிப் பொத்தானை அழுத்திவந்த மாணவனின் செயலி மதிப்பெண் சரிந்தது. அவன் தந்தை பள்ளிக்கு வந்து, பையன் பின்தங்கிவிட்டானா என்று கேட்டார். ஆசிரியை அவன் நோட்டை எடுத்துக் காட்டினார். முதல் பக்கங்களில் விடை மட்டுமே இருந்தது. பிந்தைய பக்கங்களில் அடித்துத் திருத்திய காரணங்கள் இருந்தன. தந்தை நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். நட்சத்திரம் போனதில் அதிருப்தி அடைந்த பிள்ளைகளும் உண்டு. வேகமாக முடிப்பதில் பெருமை கொண்டிருந்த அவர்களுக்குக் காரணம் எழுதுவது கடைசிவரை சுமையாகவே இருந்தது.

இந்த முன்னேற்றம் முழுவதையும் புதிய முறையின் கணக்கில் எழுத முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு வகுப்பு இல்லை. பாடத்தை இரண்டாம் முறை நடத்தியதாலேயே ஓரளவு தெளிவு வந்திருக்கும். அந்தப் பருவத்தில் ஆசிரியை வழக்கத்தைவிட அதிகக் கவனம் செலுத்தினார் என்பதும் உண்மை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

எண்கோட்டைத் தவறு கண்ட பின் கொண்டுவராமல் தசம எண்ணின் முதல் வகுப்பிலேயே தொடங்குவது என்று ஆசிரியை முடிவு செய்திருக்கிறார். முதல் வாக்கைப் பார்க்காமல் பிள்ளைகளை விவாதிக்க விடுவதில்லை என்பது இரண்டாவது. 4.4502 போன்ற நீண்ட எண்களுக்கு ஒரு பாடவேளை ஒதுக்கப்படும்.

வாங்குவதற்கு முன் ஒரு செயலியில் எதைப் பார்க்க வேண்டும் என்பதிலும் பள்ளியின் நிலை மாறியது. முன்பு டேப்லெட் எண்ணிக்கை, இணையம் இல்லாமல் இயங்குமா, அறிக்கை வருமா என்று கேட்டார்கள். இனி அந்தந்தப் பாட ஆசிரியர் ஒரு பாடத்தின் கேள்விகளை முழுவதும் படித்துப் பார்த்து, தவறான புரிதலோடு எத்தனை கேள்விகளுக்குச் சரியான விடை தர முடியும் என்று சோதித்த பிறகே கையெழுத்து. மதிப்பெண்ணோடு நில்லாமல், வகுப்பு முழுவதும் எந்தத் தவறான விடையைத் தேர்ந்தது என்பதை ஒரே திரையில் காட்ட வேண்டும் என்பதும் நிபந்தனை. பெற்றோருக்குப் போகும் தானியங்கி அறிக்கை நிறுத்தப்பட்டு, ஆசிரியர் பார்த்துக் கையெழுத்திடும் குறிப்பு மட்டும் போகிறது.

செயலி நிறுவனத்துக்கு இரண்டு கோரிக்கைகள் அனுப்பப்பட்டன. தசமப் புள்ளியைப் பெரிதாக்குவதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கேள்வித் தொகுப்பிலிருந்து ஆசிரியர் விரும்பாத கேள்விகளை நீக்கும் வசதிக்கு இன்னும் பதில் வரவில்லை. அதுவரை அந்த ஒரு பாடத்துக்குச் செயலியின் தொகுப்பைத் திறக்காமல், ஆசிரியை எழுதிய கேள்விகளையே ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் பயன்படுத்துகின்றன. வாராந்திர அறிக்கையிலிருந்து அவருக்குக் கிடைத்த விலக்கு அந்தப் பருவத்துக்கு மட்டுமே என்றிருந்தது. அதை நிரந்தரமாக்குவது பற்றி நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க இருக்கிறது.